கீழ்த்தட்டுக் கிண்ணம்

என் கொழுந்தன் குலாம் ரசூலுக்கு எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ரயில் டிக்கெட்டுக்கு ஆள், கேஸ் சிலிண்டருக்கு ஆள், பள்ளிக்கூட சீட்டுக்கு ஆள், கபர்ஸ்தானில் புதைக்க நிழலான இடத்துக்குக்கூட ஆள். வரிசையில் நின்று ஒரு பொருளை வாங்கினால் அது அவருக்குச் செரிக்காது. "நமக்கு ஆளு கீறான்" என்று சொல்லிக்கொண்டு வண்டியை உதைத்தார் என்றால், ஊரில் எங்கேயோ ஒருத்தன் விதியை மீறப் போகிறான் என்று அர்த்தம். ஆனால் கிருமிக்கும் ஆள் பிடிப்பார் என்று நான் நினைக்கவில்லை. மரியாதைக்கு அவரை 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மனசுக்குள் வேறு.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே குலாம், அவர் மனைவி மெஹர், மகன் காஷிஃப். மேலே நான், என் வீட்டுக்காரர் அமீன், எங்கள் இரண்டு பெண்கள் சிம்ரா, இஃப்ரா. வாசலை ஒட்டி என் தையல் கடை. வருஷம் முழுக்க இரண்டு அடுப்பு எரியும் வீடு, நோன்பு மாதத்தில் மட்டும் கீழே ஒரே அடுப்பாகிவிடும். அண்ணன் தம்பி ஒற்றுமைக்காக என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த ஒற்றுமைக்கு வெங்காயம் நறுக்குவது நானும் மெஹரும்.

காஷிஃபும் சிம்ராவும் ஒரே பள்ளியில் ஒரே பதினொன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் பேச ஆரம்பித்த நாளில் இருந்து குலாம் அவர்களைத் தராசில் வைத்தே பார்த்தார். சிம்ரா ஓவியத்தில் பரிசு வாங்கினால் மறுவாரம் காஷிஃப் கராத்தேயில் சேர்வான். இந்த வருஷம் தரமணியில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. ஒரு பள்ளிக்கு ஒரே ப்ராஜெக்ட்தான். நுண்ணுயிரி வளர்க்கிறேன் என்று இரண்டு பேருமே பெயர் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே கீழ்வீட்டில் யுத்தம் தொடங்கிவிட்டது.

பயாலஜி எடுக்கும் நீரஜா மிஸ் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பே வராது. "தயிர்ல இருந்து எடுங்க, இட்லி மாவுல இருந்து எடுங்க. தினமும் நாம சாப்பிடற கிருமி, பயமில்ல. பாத்ரூம் குழாயத் தொடச்சேன், செல்போனத் தொடச்சேன்னு எதையும் வளர்க்கக் கூடாது. என்ன வளருதுன்னு நமக்கே தெரியாது. ஆஸ்பத்திரி, லேப் பக்கம் போகவே கூடாது. வேற வகை வேணும்னா என்னக் கேளுங்க, கெடுதல் பண்ணாத வகையா ஸ்கூலே வாங்கித் தரும். தட்ட டேப் ஒட்டி மூடியே வைக்கணும். சாப்பாடு வைக்கிற ஃபிரிட்ஜ்ல வைக்கக் கூடாது. இதுல ஒண்ணு மீறினாலும் ப்ராஜெக்ட் கேன்சல்."

எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குலாம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணி என்பதற்கு அவர் வாயில் பாபி.

"தயிரு வச்சிக்கினு தரமணி போறதா? போ பாபி. அங்க வர்ற பசங்கள்லாம் இன்னா இன்னாவோ எட்தாருவாங்க. நம்ம பசங்க தயிரு வடை ஸ்டாலா போடப் போவுது?"

"மிஸ் சொல்றதக் கேட்டுக்கோங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"கேட்டுக்கினுதான் கீறேன்" என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எந்தக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறவர் அப்படித்தான் கேட்பார்.

சிம்ரா சொன்னபடி செய்கிற பெண். பள்ளியில் கொடுத்த மூடி போட்ட தட்டுகளை எண்ணி வாங்கி வந்தாள். பால்பவுடரும் கடல்பாசியும் கலந்து குக்கரில் வேகவைத்து ஊற்றினாள். எங்கள் வீட்டுத் தயிரைத் துளி எடுத்துத் தடவி, டேப் ஒட்டி, தெர்மகோல் பெட்டியில் போட்டு, தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் கீழே வரை கேட்கும். எங்கள் வீட்டில் கடல்பாசி என்று சொல்வதைத்தான் ஆய்வுக்கூடத்தில் அகார் என்கிறார்களாம். பாலும் சர்க்கரையும் விட்டு ஆறவைத்தால் நோன்பு திறக்க ஆகும். சர்க்கரைக்குப் பதில் வேறு ஏதாவது சத்துத் தண்ணீர் விட்டால் கிருமி வளர்க்க ஆகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இஃப்ராவுக்கு ஆறு வயது. அவளுக்கு நோன்பு இல்லை, பொறுமையும் இல்லை. சாயங்காலம் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு வரை கடல்பாசிக்குக் காத்திருக்கச் சொன்னால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். முதல் நோன்பு அன்றே குலாம் அவளைத் தூக்கி ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். "த பாரு, கீழ்த்தட்டுல கீற கிண்ணம் உன்து. ஸ்கூல் வுட்டு வந்ததும் எட்துத் துன்னு. யாரையும் கேக்காத. உங்கம்மாவையும் கேக்காத." தினமும் அவரே தன் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடி, அந்த இடத்தில் வைப்பார். சாச்சா, சாச்சா என்று பின்னாலேயே சுற்றும் அந்தக் குழந்தை மேல் அவருக்கு உயிர். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும்.

ஒரு வியாழக்கிழமை. வெயில் இறங்கவில்லை. நான் கடையில் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். இஃப்ரா கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ம்மா, இன்னிக்குக் கடல்பாசி நல்லால்ல. உப்பா இருக்கு."

மெஹர் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள் என்று எனக்கு முதலில் ஒரு சந்தோஷம்தான் வந்தது. அப்படிப்பட்டவள் நான். "துப்பிட்டியா?"

"பாதிதான் சாப்ட்டேன். சாச்சா வச்சதாச்சேன்னு."

உள்ளே போய்ப் பார்த்தேன். மேசையில் பாதி காலியான கிண்ணம். கடல்பாசி வெள்ளையாக இல்லை, சூப்புப் போல மங்கிய பழுப்பு. மீதி இருந்த பாதியின் மேல் வழவழவென்று ஒரு படலம், கரண்டி போன இடத்தில் நூல் விட்டிருந்தது. மூக்குக்குக் கொண்டுபோனேன். கழுவாத சாக்கடை மூடியைத் திறந்தாற்போல வந்தது.

ட்யூஷன் முடிந்து காஷிஃப் அப்போதுதான் உள்ளே வந்தான். கிண்ணத்தைப் பார்த்தான், இஃப்ராவின் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தான்.

"பெரியம்மா, அது சாப்பிடறது இல்ல."

"பின்ன?"

"ப்ராஜெக்ட். தட்டு பத்தல, நம்ம கண்ணாடிக் கிண்ணத்துல வளத்தேன். நாளைக்கு மிஸ்கிட்ட காட்டணும், அதுக்குள்ள ரொம்ப வளந்துடும்னு ஃபிரிட்ஜ்ல வச்சேன். மேல எடமில்ல. இஃப்ராவோட கிண்ணத்த நவுத்திட்டு..."

"எதுலேர்ந்து எடுத்த?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் வண்டி நின்ற சத்தம். நோன்பு திறக்க ராயப்பேட்டைத் திரைச்சீலைக் கடையை மூடிவிட்டு குலாம் வந்துவிட்டார். மகன் அப்பாவைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அந்தப் பார்வையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொன்னேன். குலாம் முதலில் இஃப்ராவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கழுத்திலும் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பியபோது பழைய குரல் வந்துவிட்டது.

"தயிருதான் பாபி. எங்கூட்டுத் தயிரு. ஒரு கிண்ணம் கடல்பாசிக்கு இம்மாம் பெரிய பஞ்சாயத்தா?"

"தயிர் இப்படி நாறுமா?"

"வளத்தா நாறும். ஒம் பொண்ணுதும் நாறும், போய் மோந்து பாரு."

கஸ்தூரிரங்கன் டாக்டருக்குப் போன் போட்டேன். அபிராமபுரத்தில் கிளினிக். சிம்ரா பிறந்ததில் இருந்து எங்களுக்கு அவர்தான். போனை எடுத்தாலே திட்டுவார், மருந்து சரியாக இருக்கும்.

"என்னம்மா கண்றாவி இது? நோன்பு மாசத்துல ஆத்துக்குள்ள பாக்டீரியாவை வளர்த்துண்டு இருக்கேளா? சரி, சொல்றதைக் கேளுங்கோ. தயிர்லேந்து வளர்த்ததுன்னா நிறைய தண்ணி குடுங்கோ, ஒண்ணும் ஆகாது. வேற எங்கேந்தாவது கொண்டு வந்திருந்தான்னா உடனே குழந்தையைத் தூக்கிண்டு வாங்கோ. ஆனா அது என்ன, எங்கேந்து வந்ததுன்னு கேட்டுண்டு வரணும். அது தெரியாம வந்து நின்னா நான் எந்த மருந்தைக் குடுப்பேன்?"

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். எல்லாருக்கும் கேட்டது. குலாம் காதை மூடிக்கொள்ளவில்லை, ஆனால் பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, கொட்டை எடுத்து, நிதானமாக.

அதற்குள் சிம்ரா ஃபிரிட்ஜைக் குடைந்திருந்தாள். கீழ்த்தட்டில் பின்னால் இஃப்ராவின் கிண்ணம், அதை ஒட்டி காஷிஃபின் இன்னொரு ப்ராஜெக்ட் கிண்ணம். அந்த ப்ராஜெக்ட் கிண்ணத்தை, மூடியிருந்த தாளைப் பிரிக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ம்மா, இது தயிர் இல்ல. என்னுது வளர ரெண்டு நாளு ஆச்சு, அதுவும் குட்டி குட்டிப் புள்ளியா. இது பாய் விரிச்ச மாதிரி வளந்திருக்கு. இத பாரு, கிருமி சாகுதான்னு பாக்க மருந்து நனைச்ச பேப்பர் பொட்டு சுத்தி வச்சிருக்கான். மருந்து கேட்டா பொட்டச் சுத்தி வளராம வட்டமா வெளுப்பு விழணும். ஒண்ணு சுத்தியும் விழல."

"அப்படின்னா?"

"எந்த மருந்துக்கும் சாகல." அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, இஃப்ராவத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போலாம் வா."

போகலாம்தான். எதைச் சொல்லிக்கொண்டு போவது? சாகாத கிருமி என்று மட்டும் சொன்னால் டாக்டர் எதைக் கொடுப்பார்? அமீனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அந்த நல்ல குணத்தை வைத்து ஒரு தீக்குச்சி கிழிக்க முடியாது.

"அவன் இஃப்ராவச் சொந்தப் புள்ளைக்கு மேல வச்சிருக்கான், ஷாகிரா. அவகிட்டப் போய் விளையாடுவானா? தம்பி பொய் சொல்ல மாட்டான்."

"சரி, சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

குலாம் கேட்டுக்கொண்டே வந்தார். "நோன்பு வாயோட சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க பாபி. ஒங்குளுக்கு எம் பையன் தரமணி போறது புடிக்கல. அதான் விசயம். ஒம் பொண்ணு தயிர வச்சிக்கினு போவ முடியல, அத நேராச் சொல்லு."

"எம் பொண்ணு போகாட்டியும் பரவால்ல. சின்னவ வயித்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க. துரைராஜ் வீட்டுக்குப் போன வாரம் எதுக்குப் போனீங்க?"

துரைராஜ் அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறான். எங்கள் வீட்டுக்கு யாருக்கு சுகர் டெஸ்ட் எடுப்பதானாலும் குலாம் காசு கொடுக்காமல் அவனிடம்தான் அனுப்புவார். போன வாரம் அவன் வீட்டுக்கு என்று சொல்லிக் கிளம்பிய குலாம் திரும்பும்போது, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு காஷிஃப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்ததை நான் கடையில் இருந்து பார்த்தேன். ஐஸ்கிரீம் என்று நினைத்தேன். நோன்பு நேரத்தில் ஐஸ்கிரீமைச் சுமந்துகொண்டு வருவானேன் என்று அப்போது தோன்றவில்லை.

"பழகின ஆளு ஊட்டுக்குப் போவக் கூடாதா? இன்னா பாபி, போலீசா நீ?" என்றார். பிறகு மெஹரைப் பார்த்து, "கஞ்சிய எறக்கு, நேரமாச்சு" என்றார்.

மெஹர் இறக்கினாள். தயிர் என்று புருஷன் சொன்னதை அவள் நம்பினாள். அது அவள் குற்றமில்லை. நம்பாமல் அந்த ஆளோடு குடும்பம் நடத்த முடியாது.

பள்ளிவாசல் கஞ்சியும் வந்தது. வடை, சமோசா, ரோஸ் மில்க், வெட்டின தர்பூசணி. விரிப்பில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இஃப்ரா அமீனின் மடியில் சுருண்டு கிடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை, காய்ச்சல் இல்லை, சும்மா எல்லாரும் கத்தினதில் பயந்து போயிருந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன், வாசலில் வந்து நின்றது. பாங்குக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. யோசித்துச் செய்தது இல்லை. கோபம் செய்தது.

சிம்ராவின் கையில் இருந்த இரண்டாவது கிண்ணத்தை வாங்கினேன். தாளைக் கிழித்தேன். நாற்றம் விரிப்பு முழுக்கப் பரவியது. ஒரு சுத்தமான கரண்டியை எடுத்து அதில் குத்தி, குலாம் முன்னால், அவருடைய பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வைத்தேன்.

"உங்க வீட்டுத் தயிர். நம்ம வீட்டுக் கடல்பாசி. நோன்பு திறங்க."

"பைத்தியமா ஒனக்கு?"

"மடியில கனமில்லேன்னா வழியில பயமெதுக்கு? எம் புள்ள பாதிக் கிண்ணம் சாப்ட்டிருக்கா. நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க. சாப்ட்டா நான் இங்கயே எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன். காஷிஃப் தரமணி போகட்டும், சிம்ரா பேர நானே போய் அடிச்சிட்டு வர்றேன்."

"ஷாகிரா!" என்றார் அமீன். அவரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாங்கு ஒலித்தது. கச்சேரி ரோடு பள்ளிவாசலில் மைக் போட்டால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். எல்லார் கையிலும் பழம், ஒருத்தரும் வாயில் வைக்கவில்லை. எல்லாரும் குலாமைப் பார்த்தார்கள். மடியில் இருந்து தலையைத் தூக்கி இஃப்ராவும் பார்த்தாள்.

அவர் கரண்டியை எடுத்தார். வீம்பு பிடித்த குடும்பம் அது, எனக்குத் தெரியும். ஒரு துண்டை வெட்டி எடுத்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே உதடு வரை கொண்டுபோனார். சாப்பிட்டுவிடுவாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. சாப்பிட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கரண்டி அங்கேயே நின்றது. பாங்கு முடிகிற வரை நின்றது. பிறகு கீழே இறங்கியது.

மெஹர்தான் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. "ஏங்க சாப்பிடல?"

நான் என்ன கத்தியிருந்தாலும் சமாளித்திருப்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"துரைராஜ் குட்த்தான்" என்றார் கடைசியில், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. "யாரோ ஒரு பேஷண்டு. மூத்திரத்துலேர்ந்து வளத்ததாம். தூக்கிப் போட வச்சிருந்தது. எந்த மருந்துக்கும் சாவாதுன்னான். இந்த மாரி எவனும் எட்தாந்திருக்க மாட்டான், ப்ரைஸு நிச்சயம்னான்..."

மெஹர் எழுந்து கொல்லைப்புறம் போனாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. காஷிஃப் அழ ஆரம்பித்தான். கல்யாணமாகி வந்த நாள் முதல் நான் குலாமை 'வாங்க போங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அது போயிற்று.

"எழுந்திருடா. போனப் போடு அவனுக்கு. எழுந்து வண்டியில ஏறு."

ஆட்டோவில் போகும்போதே போட்டார். துரைராஜ் எடுக்கவில்லை. நாங்கள் லஸ் முனையைத் தாண்டும்போது எடுத்தான், விஷயத்தைக் கேட்டதும் வைத்துவிட்டான். கிளினிக்கில் கஸ்தூரிரங்கன் டாக்டர் குலாமின் கையில் இருந்து போனைப் பிடுங்கித் தானே பேசினார். அவர் பேசினதை நான் எழுத முடியாது. மயிலாப்பூர்ப் பெரியவருக்கு அவ்வளவு வார்த்தை தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த நோயாளியின் ரிப்போர்ட் போனுக்கு வந்து விழுந்தது.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாம போகவும் வாய்ப்பிருக்கு. ஆரோக்கியமான வயிறு, அதுவா வெளியே தள்ளிடும். ஆனா காய்ச்சல்னு வந்துதுன்னா சாதாரணமா குடுக்கற மருந்து எதுவும் இதுக்குக் கேக்காது. ஒண்ணே ஒண்ணுதான் இங்கே கேக்கும்னு போட்டிருக்கு." குலாம் பக்கம் திரும்பினார். "இந்தப் பேர் தெரியாம இவ வந்திருந்தா, நான் தப்பு மருந்தா குடுத்து நாளைக் கடத்திண்டே இருந்திருப்பேன். புரியறதா ஒமக்கு?"

குலாம் தலையை ஆட்டினார்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது, மதியம் காய்ச்சல் ஏறியது. அந்த மருந்தை ஏற்றினார்கள். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அவள் கையில் ஊசியைக் குத்தி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். காய்ச்சல் ஏறி இறங்கின ஒவ்வொரு முறையும் நான் குலாமைச் சபித்தேன். நோன்பில் யாரையும் சபிக்கக் கூடாது என்று தெரியும். எனக்கும் அல்லாவுக்கும் நடுவில் உள்ள கணக்கு அது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் வராண்டாவிலேயே கிடந்தார். ஒருமுறை எழுந்து வந்தார். "பாபி, ஸ்கூல்ல மட்டும் சொல்லாதீங்க. பையன் படிப்பு போயிடும். துரைராஜுக்குப் புள்ளக்குட்டி கீது."

"எனக்கும் கீது" என்றேன்.

பள்ளிக்கு நானே போய்ச் சொன்னேன். நீரஜா மிஸ் கேட்டு முடித்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். காஷிஃபை இடைநீக்கம் செய்தார்கள். நியாயம். கையோடு பள்ளியில் இருந்த கிருமி ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள், சிம்ராவுடையதும் போயிற்று. "அவ ஒரு விதியையும் மீறலையே மிஸ்?" என்று கேட்டேன். "அந்த வீட்ல இருந்து வர்ற எதையும் இனிமே மேனேஜ்மென்ட் தொடாது" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. சிம்ரா தன் தட்டுகளை பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துக் கழித்தாள். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி கையுறை போட்டுக்கொண்டு, ஒன்று விடாமல். அழுதுகொண்டேதான் செய்தாள். தரமணிக்குப் பள்ளியில் இருந்து சூரிய அடுப்பு போனது. துரைராஜுக்கு வேலை இருக்கிறதா போயிற்றா என்று நான் விசாரிக்கவில்லை.

இஃப்ராவுக்குக் காய்ச்சல் விட்டது. ரசம் சாதம் கேட்டாள், டிவி கேட்டாள், நர்ஸிடம் சண்டை போட்டாள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று மத்தியானம் குலாம் அறைக்குள் வந்தார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

கட்டில் ஓரத்தில் நின்று டப்பாவைத் திறந்தார். கடல்பாசி. ரோஸ் கலர், மேலே பால் வெள்ளை, இஃப்ராவுக்குப் பிடித்தபடி இரண்டு அடுக்கு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோதே செய்தாராம், மெஹர் அடுப்பைத் தொடவிடாததால் பக்கத்து வீட்டில் வைத்துச் செய்தாராம். ஒரு கரண்டியும் கொண்டுவந்திருந்தார்.

"துன்னு கண்ணு. சாச்சா செஞ்சது. ஒனக்குன்னே செஞ்சது."

இஃப்ரா டப்பாவைப் பார்த்தாள். ஆசைதான், எச்சில் விழுங்கினாள். கரண்டியை வாங்கி ஒரு துண்டை வெட்டினாள். வெட்டினதை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க சாச்சா."

விளையாட்டாகச் சொல்லவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள், அன்றைக்கு விரிப்பில் பார்த்த மாதிரியே.

பட்டப்பகல். மஃரிபுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. குலாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சாச்சாவுக்கு நோன்புடா, அவர் இப்போது சாப்பிடக் கூடாது, இது நல்ல கடல்பாசிதான், நீ சாப்பிடு. நான் அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை அது. நான் சொன்னால் அவள் கேட்பாள்.

நான் சொல்லவில்லை.

அவரும் சொல்லவில்லை. சொல்லி அவள் நம்பாவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருக்க வேண்டும். இஃப்ரா கை வலிக்கிற வரை நீட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கரண்டியை டப்பாவுக்குள் திரும்பப் போட்டாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குலாம் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனார்.